பட்டறைக்குப் பிடிகளும் பிடிக்கும் கருவிகளும்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி இது. ஐந்தாறு பேர் வேலை செய்யும் சிறிய பராமரிப்புப் பட்டறை. குறடு, பைப் ரென்ச், வைஸ் (மேசையில் பொருத்தி, திருகால் துண்டை இறுக்கிப் பிடிக்கும் கருவி), கிளாம்ப் எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றப் போகிறார்கள். மெஷின்களில் உடைந்துபோன கைப்பிடிகளையும் சேர்த்து மாற்ற வேண்டும். பிடி வழுக்குகிறது, சாயங்காலம் உள்ளங்கை எரிகிறது, கொப்புளம் வருகிறது என்று ஆட்கள் சொல்கிறார்கள். நல்ல ரப்பர் பிடி போட்டதாகப் பார்த்து வாங்கினால் போதுமா?

ரப்பரைப் பற்றிக் கொஞ்சம் கழித்துப் பேசலாம். முதலில் அந்தக் கொப்புளம் எந்த வேலையில் வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும், இடது கையில் குறடால் துண்டை இறுக்கிக்கொண்டு வலது கையால் அரம் போடுகிற மாதிரி ஏதோ ஒரு வேலையில்தான் வந்திருக்கும். அங்கே கைப்பிடியில் குறை இல்லை. கை செய்யக்கூடாத வேலையைக் கை செய்கிறது. தள்ளுவது, திருப்புவது, திசை காட்டுவது கையின் வேலை. விடாமல் இறுக்கிக்கொண்டே இருப்பது திருகும் பூட்டும் செய்ய வேண்டிய வேலை. எந்தக் கருவியை எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது, இது வந்தால் கை இறுக்கிக்கொண்டிருக்கும் நேரம் குறையுமா என்பதைத்தான். மெத்தென்று இருக்கிறதா, பளபளப்பாக இருக்கிறதா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

அதனால் பணத்தில் பெரிய பங்கை நல்ல வைஸுக்கு ஒதுக்குங்கள் என்பேன். ஒரு சின்னக் கணக்கு: வைஸ் கம்பியில் மையத்திலிருந்து 200 மி.மீ. தள்ளி 20 கிலோ அளவுக்கு அழுத்துகிறீர்கள், திருகின் புரி ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்கிறது என்று வையுங்கள். முக்கால் பங்கு உராய்விலேயே போய்விட்டாலும் தாடையில் ஒரு டன்னுக்கு மேல் அழுத்தம் விழும். திடகாத்திரமான ஆள் கையை இறுக்கி மூடினால் 40, 50 கிலோ வரும், அதுவும் சில விநாடிகளுக்குத்தான். அப்புறம் விரல் தளர ஆரம்பித்துவிடும். ஆனால் வைஸ் நீங்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்தாலும் அதே அழுத்தத்தில் பிடித்துக்கொண்டிருக்கும்.

பொதுவான வேலைக்கு 125 மி.மீ. தாடை போதும். பைப்பும் கனமான சட்டமும் அதிகம் வருமென்றால் 150. வாங்கும்போது பாதி திறந்துவைத்து, நகரும் தாடையை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். அப்புறம் இரண்டு காகிதத் துண்டுகளை எடுத்து, ஒன்றைத் தாடையின் மேல் விளிம்பிலும் மற்றொன்றைக் கீழ்ப்பக்கத்திலும் வைத்து இறுக்குங்கள். ஏதாவது ஒன்று மட்டும் சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் தாடை இறுக்கும்போது சாய்கிறது என்று அர்த்தம். ஒரு பக்கத்துக் காகிதம் கிழிந்தாலும் வராமல், மறுபக்கத்தது வழுவழுவென்று வந்த வைஸ்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டதில் துண்டு நிற்காது. நிற்காத துண்டை ஆள் கையால் பிடிப்பார், திரும்பவும் கொப்புளம்.

சாதாரண வார்ப்பிரும்பு வைஸைப் பட்டடை மாதிரி வைத்து அடித்தால் ஒருநாள் விரிசல் விடும். அடிக்கிற வேலை உண்டென்றால் அடித்து உருவாக்கிய எஃகில் செய்ததையோ, உடையாத வகை வார்ப்பிரும்பில் செய்ததையோ கேட்டு வாங்குங்கள். பொருத்தும் உயரமும் முக்கியம். நின்றுகொண்டு முழங்கையை மடக்கினால் தாடையின் மேல்விளிம்பு முழங்கை மட்டத்தில் இருக்க வேண்டும். உயரமும் குட்டையுமான ஆட்கள் ஒரே வைஸில் வேலை செய்தால் உயரமானவருக்குப் பொருத்திவிட்டு, குட்டையானவருக்கு ஒரு மரப்படி போட்டுக் கொடுங்கள். மாற்றிச் செய்தால் உயரமானவரின் முதுகு போய்விடும். அலுமினிய அல்லது செம்புத் தகட்டை மடித்து மென்தாடை நீங்களே செய்துகொள்ளலாம். துண்டைத் தாடையின் ஒரு ஓரத்தில் மட்டும் கடிக்க வைக்க வேண்டியிருந்தால், மறு ஓரத்தில் அதே கனமுள்ள வேறு துண்டைச் செருகுங்கள். இல்லையென்றால் தாடை கோணிக்கொண்டு பிடி பாதியாகிவிடும்.

வைஸுக்குப் போக முடியாத இடத்துக்குப் பூட்டும் குறடு, அதாவது வைஸ் கிரிப் என்று பட்டறையில் சொல்கிறோமே, அதுதான். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் வில்லியம் பீட்டர்சன் என்ற டென்மார்க்கில் பிறந்த கொல்லர், 1924இல் அந்தப் பூட்டும் கைப்பிடிக்குக் காப்புரிமை வாங்கினார். கொல்லருக்குத்தான் இந்த யோசனை வந்திருக்க முடியும், காய்ச்சின இரும்பை எத்தனை நேரம்தான் கையால் இறுக்கிக்கொண்டு நிற்பது! உள்ளே இருக்கிற சின்ன இணைப்புக் கம்பி, மூட்டு நேர்கோட்டைத் தாண்டியதும் பூட்டிக்கொள்கிறது. அதற்கு மேல் கை தேவையில்லை. சரிசெய்யும் முறை பலருக்குத் தெரியாது. குறட்டை முழுக்க மூடிவைத்து, தாடை துண்டைத் தொடும்வரை பின்பக்கத் திருகைத் திருப்புங்கள். பிறகு திறந்து, கால் சுற்று, அரைச் சுற்று உள்ளே திருப்பிவிட்டு மூடுங்கள். கடைசியில் ஒரு ‘டக்’ கேட்கும். மூட இரண்டு கையும் வேண்டியிருந்தால் திருகு அதிகமாகிவிட்டது. நல்ல நட்டின் மேல் இதைப் போட வேண்டாம், முனை மழுங்கிவிடும். ஏற்கெனவே மழுங்கிப்போன நட்டென்றால் தாராளமாகப் போடலாம். வெல்டிங் இருந்தால் சி வடிவத் தாடை உள்ளதில் நான்கு வாங்குங்கள். இரண்டு ஒருபோதும் போதாது.

ஒரே மாதிரித் துண்டை ஒரே இடத்தில் வைத்து நாள் முழுக்க மாற்றி மாற்றிப் பிடிக்கிற ஜிக் வேலை என்றால் டாகிள் கிளாம்ப், அதாவது நெம்புகோலைச் சாய்த்ததும் பூட்டிக்கொள்ளும் கிளாம்ப். அதிலும் இதே நேர்கோடு தாண்டும் தத்துவம்தான். அட்டையில் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது பெரும்பாலும் பூட்டிய நிலையில் அந்தக் கிளாம்ப் வளையாமல் தாங்கக்கூடிய விசை. துண்டின் மேல் அது தானாகக் கொடுக்கிற அழுத்தம் அதைவிடக் குறைவு, அதை நுனித் திருகின் அமைப்புத்தான் தீர்மானிக்கும்.

சாதாரணக் குறடுகளுக்கு வருவோம். கடைக்குப் போகும்போது ஒரு ஸ்கேல் எடுத்துச் செல்லுங்கள், யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். பலமாக இறுக்கும் குறட்டில், இறுக்கும் நிலையில் இரண்டு கைப்பிடிகளுக்கும் நடுவே 50 மி.மீ.க்குக் குறையாமலும், திறந்த நிலையில் 90 மி.மீ.க்கு மிகாமலும் இருக்க வேண்டும். அதற்கு மேல் விரிந்தால் விரல் நுனிதான் எட்டும், அதில் பலம் கிடையாது. 50க்குக் கீழே போனால் விரல்கள் மடங்கி உள்ளங்கையையே தொட ஆரம்பிக்கும், அதிலும் பலம் கிடையாது. வாட்டர் பம்ப் பிளேயரில் தாடையை நகர்த்தி மாட்டப் பல காடிகள் இருப்பது இதற்காகத்தான். பைப் பெரிதாக இருக்கிறது என்று கைப்பிடியை அகல விரித்துக்கொண்டு திணறாமல், காடியை மாற்றிக் கைப்பிடியை 60, 70 மி.மீ. அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

கைப்பிடியின் நீளத்தையும் பாருங்கள். 100 மி.மீ.க்குக் குறைந்தால் கைப்பிடியின் முனை உள்ளங்கையின் நடுவில் குத்தும். அங்கே நரம்பும் ரத்தக் குழாயும் மேலாகவே ஓடுகின்றன. விரல் மரத்துப்போகிறது என்று ஆள் சொன்னால் முதலில் இதைச் சோதியுங்கள். கையுறை போடுகிற வேலைக்கு 125க்குக் குறையாமல் வாங்குங்கள். கம்பி வெட்டுவது போல நூற்றுக்கணக்கான முறை திறந்து மூடுகிற வேலை என்றால், தானாகத் திறக்கிற ஸ்பிரிங் உள்ளதாகப் பாருங்கள். விரலை விரித்துத் திறக்கிற தசை, மூடுகிற தசையைவிட மிகவும் பலவீனமானது. கை சோர்வதில் அதற்கும் பங்கு உண்டு.

பைப் ரென்ச்சில் கையின் பங்கு இழுப்பது மட்டும்தான், இறுக்குவது பல்லின் சாய்வு. அதனால் அது ஒரு திசையில்தான் பிடிக்கும். இழுக்க இழுக்கக் கடி கூட வேண்டுமென்றால், மேல்தாடையின் உள்முதுகுக்கும் பைப்புக்கும் நடுவே ஒரு விரல் கனம், சுமார் 12 மி.மீ., இடம் விட வேண்டும். ஒட்டவைத்துப் பிடித்தால் பல் கடிக்காமல் வழுக்கும், ஆள் ரென்ச்சைத் திட்டுவார். கைப்பிடியில் பைப் செருகி நீட்டுவதை நிறுத்துங்கள். நீளம் போதவில்லையென்றால் அடுத்த அளவு ரென்ச் வாங்கவேண்டும் என்றுதான் அர்த்தம். குரோம் பூசிய குழாய்க்கு இது வேண்டாம். அதற்கு வாரைச் சுற்றிப் பிடிக்கும் பட்டை ரென்ச் தனியாக ஒன்று இருக்கட்டும்.

இனி உருளைக் கைப்பிடிகள். கை ஒரு பொருளைப் பிடிப்பதில் இரண்டே அடிப்படை வகை உண்டென்று ஜான் நேப்பியர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1956இல் எழுதினார். ஒன்று, சுத்தியலைப் பிடிப்பது போல உள்ளங்கையோடு சேர்த்து அணைத்துப் பிடிக்கும் பலப்பிடி. மற்றொன்று, பேனாவைப் பிடிப்பது போல விரல் நுனியில் பிடிக்கும் நுட்பப்பிடி. பலப்பிடிக்குக் கைப்பிடி 30 முதல் 50 மி.மீ. தடிமன் இருக்கலாம். நுட்பப்பிடிக்கு 6 முதல் 13 மி.மீ. போதும். இரண்டுக்கும் நடுவில் 20 மி.மீ. தடிமனில் செய்து விற்கிற மலிவான ஸ்க்ரூ டிரைவர் எந்த வகைக்கும் சரிவராது. திருப்பும் விசை கைப்பிடியின் ஆரத்தைப் பொறுத்தது. அதே அழுத்தத்தில் பிடித்தாலும் 20 மி.மீ. பிடியைவிட 40 மி.மீ. பிடியில் இரண்டு மடங்கு திருப்பலாம். ஆள் பிடியை இறுக்குவது பாதியாகக் குறையும். முழு வட்டமாக இல்லாமல் முக்கோணமோ அறுகோணமோ போல லேசாகப் பட்டை இருந்தால் இன்னும் நல்லது, மேசையிலிருந்து உருண்டும் விழாது.

விரல் பதிய என்று பள்ளம் பள்ளமாகச் செய்த பிடிகளை எனக்குப் பிடிக்காது. அந்தப் பள்ளம் ஒரே ஒரு கைக்குத்தான் பொருந்தும், அந்தக் கை உங்கள் பட்டறையில் இல்லை. மற்றவர்களுக்கு மேடு விரல் மூட்டின் மேல் அழுத்தும். பொதுவில் ஆறு பேர் எடுக்கிற கருவிக்கு வழவழப்பில்லாத, பள்ளமில்லாத பிடியே மேல்.

மணிக்கட்டு வளையக்கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இடுப்பு உயரத்தில் மேசைமேல் செங்குத்தாகக் கீழே அழுத்தித் திருகுகிற வேலைக்கு நேர்க்கோட்டுப் பிடி கொண்ட பவர் ஸ்க்ரூ டிரைவர் வசதி. எதிரே நிற்கிற பலகையில் திருகுவதற்குத் துப்பாக்கிப் பிடி. இதை மாற்றிக் கொடுத்தால் ஆள் முழங்கையைத் தூக்கிக்கொண்டு, மணிக்கட்டை மடக்கிக்கொண்டு நிற்பார்.

சரி, ரப்பர். இயற்கை ரப்பர் கனிம எண்ணெயைக் குடித்து உப்பும். எண்ணெய்க் கை படுகிற பட்டறையில் அதற்கு இடமில்லை. நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் தாங்கும். குறட்டில் முக்கியெடுத்த சிவப்பு, நீல பி.வி.சி. உறை மலிவு, ஆனால் நாளாக நாளாக அதிலுள்ள மென்மையாக்கி வெளியே கசிந்து பிசுபிசுக்கும் அல்லது விறைத்து வெடிக்கும். ஒருமுறை துருப்பிடித்த ஆணி ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் ஊறிப்போன உறை மட்டும் என் கையோடு கழன்று வந்தது, குறடு ஆணியிலேயே நின்றது. என் முழங்கை பின்னாலிருந்த வைஸ் கம்பியில் மோதிய சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அன்றிலிருந்து கடையிலேயே உறையைப் பிடித்து முறுக்கிப் பார்த்துத்தான் வாங்குகிறேன். கொஞ்சம் சுழன்றாலும் வைத்துவிடுகிறேன். கெட்டியான பிளாஸ்டிக் உள்ளே, மென்மையானது வெளியே என்று இரண்டையும் ஒன்றாக வார்த்த பிடிகள் கழலுவதில்லை. மிகவும் மெத்தென்ற நுரைப் பிடியை லேத், கிரைண்டர் பக்கம் வைக்காதீர்கள். இரும்புத் துகள் அதில் குத்தி ஏறி உட்கார்ந்துகொண்டு, அடுத்து எடுப்பவர் கையில் இறங்கும். அங்கே பூவேலை போட்ட, அதாவது வழுக்காமல் இருக்கக் குறுக்கும் நெடுக்கும் கோடு பதித்த, வெறும் எஃகுப் பிடிதான் துணியால் ஒரு துடைப்பில் சுத்தமாகும்.

பழைய கருவிப் பெட்டியைத் திறந்தால் வாந்தி போல ஒரு நாற்றம் வரும், கவனித்திருக்கிறீர்களா? கண்ணாடி போன்ற மஞ்சள் ஸ்க்ரூ டிரைவர் பிடிகள் செல்லுலோஸ் அசிடேட் பியூட்டிரேட் என்ற பிளாஸ்டிக். அது மெல்லச் சிதைந்து பியூட்டிரிக் அமிலத்தை விடுகிறது. பிடி கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். சோப்புத் தண்ணீரில் கழுவி, மூடாத இடத்தில் வையுங்கள். அந்தப் பிடி அடியும் தாங்கும், எண்ணெயும் தாங்கும்.

சுத்தியலுக்கு மரப்பிடி இன்னும் நல்ல தேர்வுதான். ஹிக்கரி, ஆஷ் மரங்கள் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். பிடியின் அடிமுனையைத் திருப்பிப் பாருங்கள். அங்கே தெரியும் வளைய ரேகைகள் சுத்தியல் தலையின் நீளவாட்டில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் சீக்கிரம் பிளக்கும். வார்னிஷைச் சுரண்டிவிட்டு ஆளிவிதை எண்ணெய் தேய்த்தால் வழுக்காது. தேய்த்த துணியைக் கசக்கி மூலையில் போட்டுவிடாதீர்கள், அது தானே சூடேறித் தீப்பற்றும். விரித்துக் காயவைத்த பிறகு எறியுங்கள். அரத்துக்குப் பிடி போடாமல் ஒரு நிமிடம்கூட விடக்கூடாது. அதுவும் லேத்தில் அரம் போடும்போது, துண்டைப் பிடித்துச் சுழலும் சக்கின் தாடை அரத்தைத் தட்டினால், அரத்தின் கூரான வால் நேரே உள்ளங்கைக்குள் போகும்.

மின்சார வேலைக்கு உறை போட்ட குறடு போதும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சாதாரண உறை பிடிப்புக்காகப் போட்டது, மின்காப்பு அல்ல. இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் இருந்தால்தான் அது ஐ.இ.சி. 60900 என்ற சர்வதேசத் தரத்தின்படி செய்தது. அந்தக் கருவிகளை 10,000 வோல்ட்டில் சோதித்து அனுப்புகிறார்கள். உறையில் வெட்டு விழுந்தால் அதோடு அந்தக் கருவியின் மின் வேலை முடிந்தது.

மெஷின் கைப்பிடிகளை வாங்கும்போது முதலில் மரையை அளந்துகொள்ளுங்கள். எம்8, எம்10, எம்12 என்று பக்கத்துப் பக்கத்து அளவில் இருக்கும், கண்ணால் பார்த்துச் சொன்னால் தப்பும். கறுப்பு உருண்டைக் குமிழ்கள் பெரும்பாலும் பேக்கலைட் வகை. சூட்டுக்கும் எண்ணெய்க்கும் கவலையில்லை, ஆனால் சுத்தியல் பட்டால் சில்லாகும். அடிபடும் இடத்துக்குக் கண்ணாடி இழை கலந்த நைலான் பிடி போடுங்கள். இடம் நெருக்கமாக இருந்து பிடியை முழுச் சுற்று சுற்ற முடியாத இடத்தில், இழுத்துத் தூக்கினால் பல் விடுபட்டு வேறு கோணத்தில் உட்காரும் கிளாம்பிங் லெவர் இருக்கிறது. பலர் அதைத் தெரியாமல் ஸ்பானரோடு போராடிக்கொண்டிருப்பார்கள். அடிக்கடி திறந்து மூடும் இடத்தில் சிறகு நட்டு வேண்டாம், விரலைக் கடிக்கும். 50 மி.மீ. அளவில் நட்சத்திரக் குமிழ் போடுங்கள். சுற்றுச் சக்கரத்தில் தொடர்ந்து சுற்றுகிற வேலை இருந்தால் தன் அச்சில் தானே உருளும் பிடி வேண்டும். உருளாத பிடி சுற்றுக்குச் சுற்று உள்ளங்கையைத் தேய்க்கும். உங்கள் கொப்புளங்களில் ஒன்றிரண்டு இங்கிருந்து வந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

கிரைண்டரின் பக்கவாட்டுப் பிடியைக் கழற்றி எறிந்துவிட்டு வேலை செய்யும் ஆட்கள் எல்லாப் பட்டறையிலும் உண்டு. அது இல்லாமல் ஒரு கையால் இறுக்கினால் அதிர்வு முழுக்க அந்தக் கைக்கே போகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு விதிப்படி எட்டு மணி நேரச் சராசரியில் கைக்கு வரும் அதிர்வு 2.5 மீ/வி² தாண்டினால் நிர்வாகம் நடவடிக்கை எடுக்க வேண்டும், 5ஐத் தாண்டவே கூடாது. கருவியின் கையேட்டில் அதன் அதிர்வு எண் இருக்கும், ஒப்பிட்டு வாங்குங்கள். தடித்த கையுறை இதைத் தீர்க்காது. கையுறை போட்டால் பிடிபலம் குறையும், ஆள் இன்னும் இறுக்குவார், இறுக்க இறுக்க அதிர்வும் அதிகம் ஏறும். லேத், டிரில் போன்ற சுழலும் மெஷினில் கையுறையே கூடாது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் ஆர்டர் கொடுக்காதீர்கள். பழைய கருவிகளை மேசையில் கொட்டி, ஆட்கள் தாங்களாகவே டேப்போ பழைய டியூபோ துணியோ சுற்றி வைத்திருப்பதையெல்லாம் தனியே எடுத்து வையுங்கள். எங்கே சுற்றியிருக்கிறார்கள் என்று பாருங்கள். நுனியில் சுற்றியிருந்தால் கைப்பிடி குட்டை. நடுவில் தடிமனாகச் சுற்றியிருந்தால் கைப்பிடி ஒல்லி. முழுக்கச் சுற்றியிருந்தால் வழுக்கல். முதலில் மாற்ற வேண்டியவை அவைதான். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு மாதிரி வாங்கி, பட்டறையிலேயே சின்னக் கை உள்ளவரிடமும் பெரிய கை உள்ளவரிடமும் ஒரு வாரம் கொடுங்கள். இடது கைக்காரர் இருந்தால் அவரிடமும். எண்ணெய்க் கையோடு பயன்படுத்தச் சொல்லுங்கள், கழுவித் துடைத்த கையில் எல்லாப் பிடியும் நன்றாகத்தான் இருக்கும். வாரக் கடைசியில் அந்தப் புதுப் பிடியில் யாராவது டேப் சுற்றியிருந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு பாருங்கள்.